நீர்வேலி எழுத்து நின்ற கதை

பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று உங்கள் ஆசிரியர் பலமுறை ஆள் அனுப்பினார். நான் அசையவில்லை. கடைசியில் தானே வந்து என் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். எழுதித் தராமல் எழும்பமாட்டார் என்று தெரிந்தபடியால் எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்டது எங்கள் பழைய வாரப் பத்திரிகையின் சரித்திரம். எந்த மாதம் தொடங்கியது, எத்தனை பக்கம், யார் யார் கட்டுரை எழுதினார்கள் என்பதெல்லாம் எனக்கு நல்லாய் மறந்து போயிற்று. மறக்காமல் இருந்தாலும் அதைக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? அந்தப் பத்திரிகையை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்த ஒரு கிழமையை, அந்த ஏழெட்டு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கிழமையில் கற்றதைத்தான் பிறகு என் தொழிற்காலம் முழுவதும் வைத்துத் தின்றேன்.

நெல்லியடிச் சந்தியில், முன்பு புகையிலை அடுக்கி வைத்திருந்த ஒரு கிட்டங்கியில் எங்கள் அச்சுக்கூடம் இருந்தது. இருபதுகளின் கடைசியில் பத்திரிகை தொடங்கியது. உலக யுத்தம் வந்து கடதாசி கிடைக்காமல் போனபோது நின்றது. இடையில் சனிக்கிழமை தவறியதில்லை. மழைக்காலத்தில் சுவர் ஈரமாகிப் பழைய புகையிலை மணம் எழும்பும். மூக்குத்தூள் போடாமலே எல்லாரும் தும்மிக்கொண்டு வேலை செய்வோம். நடத்தியவர் முன்பு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவர். மனேச்சரோடு கொளுவிக்கொண்டு வெளியேறி, யாரோ கைவிட்ட ஒரு கை மெசினை வாங்கிவந்து பத்திரிகை தொடங்கினார். அவருடைய பேர் இங்கே வேண்டாம். நாங்களும் ஊரும் ஐயா என்றுதான் சொன்னோம். தமிழில் பெரிய ஆள். ஆனால் தன் பிழையை ஒத்துக்கொள்ளாத மனுஷன். புரூவ் பார்க்கும் நான் ஒரு பிழையைக் காட்டினால், "அதுவும் பழைய வழக்கிலை உண்டு, தம்பி" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். பழைய வழக்கில் இல்லாத பிழை ஒன்றையும் அவர் செய்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அவருக்குத் தைரியம் இல்லை என்று மட்டும் நினைக்கவேண்டாம். தொடக்கத்தில் ஒருமுறை கோயில் கொடியேற்றத்தையும் தேவாலயத்து விளைச்சல் விழாவையும் ஒரே பக்கத்தில் போட்டார். தேவாலயம் மேலே, கோயில் கீழே என்று சைவப் பகுதியார் வந்து சத்தம் போட்டார்கள். அடுத்த முறை இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டார். இடப்பக்கம் என்றால் குறைவோ, வலப்பக்கம் என்றால் கூடவோ என்று இப்போது இரண்டு பகுதியாரும் வந்தார்கள். ஐயா சிரிக்காமல், "வட்டமாய் அச்சடிக்கிற மெசின் இன்னும் வரேல்லை, வந்தவுடனை சொல்லி அனுப்புறன்" என்றார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

எங்களுக்கு என்று நிருபர் ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பஸ்களின் கொண்டக்டர்மார்தான் நிருபர்கள். சந்தியில் பஸ் மெதுவாகும்போது மிதிபலகையில் நின்றபடி கத்திச் சொல்லிக்கொண்டு போவார்கள். "ஐயா, புத்தூரிலை செத்தவீடு. பழைய விதானையார்." "ஐயா, கோப்பாயிலை கிணத்துக்கை மாடு விழுந்து, உயிரோடை தூக்கிப்போட்டினம்." ஐயா வாசலில் நின்று கேட்டு, உள்ளே வந்து, அதை நல்ல தமிழாக்கி 'ஊர்ப் புதினம்' என்ற பத்தியில் சேர்ப்பார். அந்தப் பத்தியில் எந்தச் செய்தியும் ஒரே சொல்லில்தான் முடியும்: அறிகிறோம். விதானையார் சிவபதமடைந்ததாக அறிகிறோம். மாடு மீட்கப்பட்டதாக அறிகிறோம். அறிகிறோம் என்று முடித்துவிட்டால் அதற்குமேல் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். பல வருஷம் ஒருவரும் கேட்கவும் இல்லை.

உங்களில் வெளியிடங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும். எங்கள் ஊர்களில் எழுத்து என்றால் விவாகப் பதிவு. பதிவுகாரர் பெண் வீட்டுக்கு வருவார். இரண்டு பகுதியாரும் இருக்க, மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்து வைப்பார்கள். தாலி பிறகு நாள் பார்த்துக் கட்டுவது. எழுத்து முடிந்தால் சம்பந்தம் முடிந்தது. எழுத்து நின்றால் அந்தப் பெண்ணுக்கு வேறிடம் பேச வருகிறவன் முதலில் கேட்கிற கேள்வி, ஏன் நின்றது என்பதுதான். அச்சுக்கூடத்தில் எழுத்து என்றால் வேறு. ஈயத்தில் வார்த்த அச்செழுத்து.

அந்த வருஷம் நாங்கள் இரண்டு எழுத்துக்கும் காத்திருந்தோம். எங்களிடம் இருந்த அச்செழுத்துத் தேய்ந்து, எது 'ன', எது 'ண' என்று வாசிக்கிறவர்கள்தான் ஊகித்துக்கொள்ளவேண்டும் என்ற நிலைமை. புது எழுத்துக்குச் சென்னையில் சொல்லிவைத்திருந்தோம். ஏற்பாடு செய்தவர் நீர்வேலித் தம்பையா அண்ணை. வாழைக்குலை வியாபாரி, ஐயாவின் சிநேகிதர். அவருடைய தம்பி சென்னையில் இருந்தார். அதே நீர்வேலியில் ஒரு விவாக எழுத்தும் நடக்க இருந்தது. மிஷன் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்த பூமணி ரீச்சருக்கு அரியாலையில் மாப்பிள்ளை. மலாயாவில் உத்தியோகம், லீவில் வந்திருந்தார். லீவு முடியக் கப்பலேற வேண்டும். அதற்குள் எழுத்தும் தாலியும் ஆகவேண்டும். ரீச்சருக்குத் தகப்பன் இல்லை. அம்மான்தான், தாயின் தமையன், முன்னின்று பேசி முடித்தவர். முந்திய இதழில் ஐயாவே அந்தச் சம்பந்தத்தை வாழ்த்தி ஒரு பத்தி போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். பக்கங்கள் எல்லாம் அச்செழுத்துக் கோத்து முடிந்துவிட்டன. புரூவும் பார்த்தாயிற்று. ஊர்ப் புதினத்தில் மாத்திரம் அடியில் இரண்டு வரி இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. கொண்டக்டர் தலையை நீட்டி, "ஐயா, நீர்வேலியிலையிருந்து சொல்லச் சொன்னவை. எழுத்து நிண்டு போச்சாம்" என்று கத்தினான். பஸ் போய்விட்டது.

ஐயா உள்ளே வரும்போது முகம் வாடியிருந்தது. "ஐயோ பாவம், அந்தப் பிள்ளை" என்றார். மனம் உண்மையிலேயே நொந்துதான் சொன்னார். பிறகு பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது. வெறுமையாகக் கிடந்த இரண்டு வரிக்கு இரண்டு வரி தானே கோத்துச் செருகிவிட்டார். 'நீர்வேலியில் நிகழவிருந்த விவாக எழுத்து நின்றுபோனதாக அறிகிறோம்.' நான் பின்பக்கத்தில் மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புரூவ் பார்த்தபிறகு சேர்த்த வரி என்பதால் வேறு கண் ஒன்றும் அதன்மேல் படவில்லை. பிள்ளைகளே, இடம் வெறுமையாக இருக்கிறதே என்று அதை நிரப்புவதற்காக ஒருநாளும் செய்தி போடாதேயுங்கள். வெள்ளையாக விட்டால் ஒருவரும் சாகப்போவதில்லை.

ஞாயிறு காலை தம்பையா அண்ணை வந்தார். சாவகாசமாக இருந்து, வெற்றிலைத் தட்டத்தை இழுத்து வைத்துக்கொண்டு, "என்ன ஐயா, சொல்லி அனுப்பினனான், கிடைச்சுதோ? எழுத்து நிண்டு போச்சு" என்றார்.

"ஓம், கிடைச்சுது. பேப்பரிலையும் போட்டாச்சு. பெரிய கவலை" என்றார் ஐயா.

தம்பையா அண்ணை பாக்கு வெட்டுவதை நிறுத்தினார். "எங்கடை எழுத்து வாறதும் வராததும் ஏன் பேப்பரிலை? தம்பி எழுதியிருக்கிறான், வார்க்கிற இடத்திலை ஏதோ சுணக்கமாம், அடுத்த கப்பலுக்குத்தான் ஏத்துவினமாம்."

"எந்த எழுத்து?" என்று கேட்டார் ஐயா.

"இதென்ன கேள்வி? அச்செழுத்து."

நான் போய் முந்தின நாள் பத்திரிகையைக் கொண்டுவந்து, அந்த இரண்டு வரியில் விரலை வைத்துத் தம்பையா அண்ணையிடம் காட்டினேன். வாசித்துவிட்டு அவர் வெற்றிலைத் தட்டத்தை மெல்லத் தள்ளி வைத்தார். "பூமணியின்ரை எழுத்தே? அது புதன்கிழமையெல்லே. ஆர் நிண்டதெண்டு சொன்னது?" என்றார்.

ஐயா எழும்பினார். புதன்கிழமைக்குப் பிறகுதான் அடுத்த சனிக்கிழமை வரும். அதுவரை பொறுக்க முடியாது. உடனே ஒரு மறுப்புத் துண்டுப்பிரசுரம் அடித்து நீர்வேலியிலும் அரியாலையிலும் கொடுக்கவேண்டும் என்றார். எழுத்துக் கோக்கும் போர்மன் வேதக்காரர், கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்விடுவார். ஆகவே ஐயாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று கோக்கத் தொடங்கினார். அவர் பாதி கோத்துக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் பஸ் நின்றது. ஒரு பெண்ணும், குடையைக் கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷனும் இறங்கினார்கள். பூமணி ரீச்சரும் அம்மானும்.

அம்மான் படியேறும்போதே தொடங்கிவிட்டார். "எங்கை உந்தப் பேப்பர்காரன்? பிறக்கிராசியைப் பிடிச்சு வழக்குப் போட்டுக் கோட்டிலை ஏத்தாமல் விடமாட்டன். அரியாலைக்காரர் நிப்பாட்டினால் முதலிலை எங்களுக்கெல்லோ சொல்லவேணும்? பேப்பருக்குச் சொல்லிப்போட்டு வீட்டிலை இருக்கினமோ?"

"அம்மான், கொஞ்சம் இருங்கோ" என்றார் ரீச்சர். அவருக்கு அழுது வீங்கிய கண். ஆனால் பேச்சு நிதானமாக இருந்தது. ஐயாவைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, 'அறிகிறோம்' எண்டு போட்டிருக்கிறியள். ஆர் அறிஞ்சது?"

இத்தனை வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி. ஐயா கையில் கோத்த எழுத்தோடு திரும்பினார்.

"பத்திரிகை தனக்கு ஆர் சொன்னதெண்டு சொல்லிறதில்லை, பிள்ளை. அது தொழில் முறை" என்றார். "ஆனால் செய்தி பிழை. உங்கடை எழுத்து நிக்கேல்லை. இந்தா, மறுப்புக் கோத்துக்கொண்டு நிக்கிறன்."

"என்னெண்டு கோக்கிறியள்? ஒருக்கா வாசியுங்கோ."

ஐயா வாசித்தார். "'நீர்வேலி விவாக எழுத்துச் சம்பந்தமாக எமது பத்திரிகையில் வெளியான செய்தி ஆதாரமற்றதென அறிகிறோம்.'"

"இதிலையும் அறிகிறோம் எண்டுதானே இருக்கு" என்றார் ரீச்சர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. அவர் நிலைமையை எடுத்துச் சொன்னார். அரியாலைக்குச் சனி பின்னேரமே பத்திரிகை போய்விட்டது. அங்கே பெண் பகுதியார்தான் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே அம்மான், மாப்பிள்ளை பகுதியார்தான் நிறுத்தினார்கள் என்று குதிக்கிறார். கேட்டுப் பார்க்க ஆள் அனுப்பலாம். ஆனால் யார் முதலில் அனுப்புவது? முதலில் போகிறவன் கெஞ்சப் போனவன் ஆகிவிடுவான். இரண்டு வீடும் மானத்தைக் காத்துக்கொண்டு புதன்கிழமை வரை சும்மா இருந்தால் போதும். பத்திரிகையில் போட்டபடி எழுத்து உண்மையிலேயே நின்றுவிடும். மாப்பிள்ளை கப்பலேறிவிடுவார்.

"மறுப்பு அடிச்சுக் குடுத்தால் என்ன நினைப்பினம் தெரியுமே, ஐயா? இரண்டு பகுதிக்கும் ஏதோ கொளுவல் வந்தது, பேந்து ஆரோ பேசித் தீர்த்தவை எண்டு நினைப்பினம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போற வழியெல்லாம் என்ன கொளுவல் எண்டு கேப்பினம். ஏன் பிழைச்சுது? அதைத்தான் எனக்குச் சொல்லவேணும்."

ஐயா என்னைப் பார்த்தார். தம்பையா அண்ணையைப் பார்த்தார். தம்பையா அண்ணை வாய் திறக்கப்போனார். ஐயா கையைக் காட்டி மறித்துவிட்டுத் தானே சொன்னார். பஸ்ஸில் வந்த செய்தி, சென்னையிலிருந்து வராத அச்செழுத்து, வெறுமையாகக் கிடந்த இரண்டு வரி, எல்லாவற்றையும் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, பாடம் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

அம்மானின் குடை மெல்லக் கீழே இறங்கியது. "அச்செழுத்தோ?" என்றார். வாய் ஒருபக்கமாகக் கோணியது. அவ்வளவு நேரம் கோட்டுக்கு ஏற்றுவேன் என்று நின்ற மனுஷன், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

ரீச்சர் அம்மானைக் கவனித்துப் பார்த்தார். பிறகு ஐயாவிடம், "இதைத்தான் நீங்கள் சொல்லவேணும்" என்றார். "மறுப்பை ஒருத்தரும் நம்பாயினம். இதை எல்லாரும் நம்புவினம். சிரிப்பினம்தான். சிரிச்சுப் போட்டு விட்டிடுவினம்."

"என்னைப் பார்த்தெல்லோ சிரிப்பினம், பிள்ளை."

"ஓம். இப்ப என்னைப் பார்த்துச் சிரிக்கினம்" என்றார் ரீச்சர்.

ஐயா எழுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பினார். கோத்த எழுத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். ஒரு பத்திரிகை நடத்துகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்கு இப்போது விளங்காது. தமிழ் தெரிந்தவர் என்ற பேர் ஒன்றுதான் அவரிடம் இருந்த சொத்து. மிஷன் பள்ளிக்கூடத்திலும் சைவப் பள்ளிக்கூடத்திலும் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்க ஆள் அனுப்புவார்கள். அந்தப் பேரைக் கொண்டுபோய்ச் சந்தியில் போட்டு உடைக்கச் சொல்கிறாள் ஒரு பெண். அவள் சொல்வதும் சரி.

திங்கட்கிழமை ஐயாவும் நானும் அரியாலைக்குப் போனோம். ஐயா ஒரு வீட்டுக்கும் வலியப் போகிறவர் அல்ல. மாப்பிள்ளை வீட்டில் அவருடைய தமையனார் எங்களை வரவேற்ற விதம் சரியில்லை. இருங்கோ என்று சொல்ல நேரம் எடுத்தது. தேத்தண்ணி வரவில்லை. ஐயா நின்றபடியே நடந்ததைச் சொன்னார். தமையனார் கேட்டுவிட்டு, "உது நல்ல கதை" என்றார். "பொம்பிளை வீட்டார் இப்ப மனம் மாறி, உங்களுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கினம். அப்பிடித்தானே?"

"இல்லை. பிழை என்ரை."

"நீங்கள் தமிழ் படிப்பிச்ச மனுஷன். உங்களுக்கு எழுத்துக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போச்சோ?"

பழைய வழக்கிலை உண்டு என்று சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன். ஐயா தமையனாரை நேரே பார்த்தார். "ஓம், தெரியாமல் போச்சு" என்றார்.

உள்ளே கதவோரம் நின்ற தாயார் அப்போதுதான் வெளியே வந்தார். "மோனை, அவரை இருக்கச் சொல்லு" என்றார் மூத்த மகனிடம். "பொய் சொல்லுற மனுஷன் தன்னைக் கெட்டிக்காரனாய்க் காட்டத்தான் பொய் சொல்லுவான். தன்னை விசரனாய்க் காட்ட ஆராவது இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவினமே?" உள் அறையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. மலாயா மாப்பிள்ளை. அவர் தமையனாரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அப்ப புதன்கிழமை நாங்கள் போகலாமோ?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. எல்லாரிடமும் கேட்டமாதிரி இருந்தது. பிறகுதான் தேத்தண்ணி வந்தது. தமையனார் அன்று பின்னேரமே நீர்வேலிக்கு ஆள் அனுப்பினார். முதலில் அனுப்பியது யார் என்ற பேச்சே எழவில்லை, ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் முதலில் போனது நாங்கள்.

திரும்பி வந்ததும் சனிக்கிழமை இதழுக்கு விளக்கம் எழுதும்படி ஐயா என்னிடம் சொன்னார். நான் அவருடைய மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்து, 'செய்தி கிடைத்த முறையில் நேர்ந்த ஒரு தவறு காரணமாக' என்று தொடங்கி அழகாக எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "தவறு தானாய் நேருமோ, தம்பி? நான் செய்தது" என்று எல்லாவற்றையும் வெட்டினார். 'நான் பிழையாக விளங்கிக்கொண்டேன்' என்று தொடங்கித் தானே எழுதினார். இரண்டு வீட்டாரின் பேரும் அதில் இல்லை. தன் பேரை முழுவதாகப் போட்டு, எங்கள் அச்செழுத்து வராத கதையை ஒன்றும் மறைக்காமல் முதற்பக்கத்தில் போட்டார். ரீச்சர் சொன்னபடிதான் நடந்தது. நெல்லியடி இருக்கிற வடமராட்சி சிரித்தது, நீர்வேலி இருக்கிற வலிகாமம் சிரித்தது. சந்தையில் மீன் வாங்கப் போனால், "ஐயா, உங்கடை எழுத்து எப்ப? மாப்பிள்ளை எந்த ஊர்?" என்று பகிடி பண்ணினார்கள். "பேசிக்கொண்டிருக்கினம்" என்று பதில் சொல்ல அவரும் பழகிக்கொண்டார். ரீச்சரைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பத்திரிகை மூடும்வரை 'அறிகிறோம்' என்ற சொல் அதில் மறுபடி வரவே இல்லை. யார் சொன்னார், யார் பார்த்தார் என்று போட்டோம். போட முடியாவிட்டால் விட்டோம்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அல்ல. அதற்கு முந்திய புதன்கிழமையைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை அதே கொண்டக்டர் பஸ்ஸிலிருந்து ஏதோ கத்தினான். ஐயா தெருவில் இறங்கி இரண்டு கையையும் விரித்துப் பஸ்ஸை மறித்துவிட்டார். "இறங்கி வந்து சொல்லு" என்றார். உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் இறங்கி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "பூமணி ரீச்சர் நாளைக்கு எழுத்துக்கு ஐயாவைக் கட்டாயம் வரட்டாம்" என்றான். "எந்த எழுத்து?" என்று கேட்டார் ஐயா. "கலியாண எழுத்து, ஐயா" என்றான் அவன். இன்னொருமுறை சொல்லவைத்துத்தான் பஸ்ஸை விட்டார்.

போனோம். வீட்டுக்கு முன்னால் வாழை கட்டியிருந்தார்கள், நீர்வேலியில் வாழைக்கு என்ன பஞ்சம்? நடு விறாந்தையில் ஒரு மேசை. பதிவுகாரர் தடித்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அரியாலையிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். நாங்கள் ஒதுக்குப்புறமாகப் போய் நின்றோம். பதிவுகாரர் வாசித்தார், மாப்பிள்ளை கையெழுத்து வைத்தார், ரீச்சர் வைத்தார். மாப்பிள்ளை பகுதிச் சாட்சியாகத் தமையனார் வைத்தார். பெண் பகுதிச் சாட்சிக்கு அம்மான் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"அம்மான், கோவிக்காதேயுங்கோ" என்றார் ரீச்சர். "எங்கடை பக்கத்துக்கு ஐயா வைக்கட்டும்."

அம்மான் திரும்பி ஐயாவைப் பார்த்தார்.

"நானோ?" என்றார் ஐயா. "வேண்டாம் பிள்ளை. எனக்கு அந்தத் தகுதி இல்லை."

"நிண்டதெண்டு போட்டது நீங்கள்தானே, ஐயா. நடந்ததெண்டு வைக்கிறதும் நீங்களாய் இருக்கட்டும்" என்றார் ரீச்சர்.

அம்மான் ஒதுங்கி வழி விட்டார். ஐயா மேசைக்குப் போனார். பதிவுகாரர் இடத்தைக் காட்டி, பேனையை மையில் தோய்த்து நீட்டினார். ஐயா பேனையை வாங்கினார். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, புத்தகத்தில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். மாப்பிள்ளையின் பேர், தகப்பன் பேர், ஊர். பெண்ணின் பேர், தகப்பன் பேர், ஊர். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் நகர்ந்தது. ஒருதரம் முடித்துவிட்டு மறுபடி மேலே போனார். நல்ல நேரம் போகிறது என்று யாரோ பின்னால் சொன்னார்கள். பதிவுகாரர் கோபத்தோடு, "ஐயா, இது உங்கடை புரூவ் இல்லை" என்றார். ஐயா தலை நிமிரவில்லை. இரண்டாம் தரமும் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"பிழை ஏதும் இருக்கோ, ஐயா?" என்று கேட்டார் ரீச்சர்.

"இல்லை, பிள்ளை."

"அப்ப வையுங்கோ."

ஐயா கையெழுத்து வைத்தார்.